மொரிஷியஸ் போ பிளான் கரும்புக் காட்டுக் கல்லூரி: மகளைச் சேர்க்கலாமா, அதன் கதை என்ன?

பிரிவு: படிப்பு, வேலை, விசா

#1 ரோஸ்ஹில் அப்பா
ஞாயிறு, காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு எச்எஸ்சி ரிசல்ட் வந்துவிட்டது. லொரெயா (அரசு உதவித்தொகை வாங்கும் முதல் வரிசை மாணவி) ஆகும் அளவுக்கு இல்லை, ஆனால் குறை சொல்ல முடியாத ரிசல்ட். ரெதுயியில், அதாவது மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில், சேர்ப்பது என்று நான் மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். அரசுப் பல்கலைக்கழகம். 2019 ஜனவரியிலிருந்து முதல் பட்டத்துக்குக் கட்டணமும் இல்லை. வேறென்ன வேண்டும்?

அவளுக்கோ போ பிளான் போக வேண்டுமாம். ஆப்பிரிக்கன் லீடர்ஷிப் யுனிவர்சிட்டி. "அங்கே மேஜர் பாடம் கிடையாதுப்பா, மிஷன்தான் கேட்பாங்க" என்கிறாள். எனக்கு மிஷன் என்றால் பாதிரிமார்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இதை ஆரம்பித்தது யார்? எங்கிருந்து வந்தது? நாளைக்கு இருக்குமா? குவார்த்தியே மிலிதேரில் ஒரு பெரிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வந்து இறங்கி, சத்தமில்லாமல் போனதை நான் மறக்கவில்லை. தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். விளம்பரத் தாள் என்னிடமே இருக்கிறது, அதில் உள்ளதைத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

#2 எபேன்வாசி
ஞாயிறு, காலை 11:05

ஐயா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊர் திருநெல்வேலி, இங்கே எபேனில் ஐடி வேலை. எங்கள் ஆபீஸில் இந்தக் கல்லூரிப் பிள்ளைகளோடு பழகியிருக்கிறேன். அதனால்தான் கதையைத் தேடிப் படித்தேன்.

ஆரம்பித்தவர் ஃபிரெட் ஸ்வானிக்கர். பிறந்தது கானா. வளர்ந்தது காம்பியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே என்று பல இடம். அம்மா போட்ஸ்வானாவில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 18 வயதில் இவர் அதற்குத் தலைமையாசிரியர். (நம் வீட்டில் 18 வயதுப் பையனிடம் கேஸ் சிலிண்டர் மாற்றச் சொன்னாலே யோசிப்பான்.) அப்புறம் அமெரிக்காவில் மக்காலெஸ்டர் கல்லூரி, ஜோஹன்னஸ்பர்க்கில் மெக்கின்சி என்ற ஆலோசனைக் கம்பெனியில் வேலை, ஸ்டான்ஃபோர்டில் எம்பிஏ. ஸ்டான்ஃபோர்டில் இருக்கும்போதுதான் ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பள்ளி என்ற திட்டம் உருவானது.

அதுதான் ஆப்பிரிக்கன் லீடர்ஷிப் அகாடமி. 2004ல் அமைப்பு, 2008ல் வகுப்பு. இடம் ஜோஹன்னஸ்பர்க் ஓரத்தில் ஹனிட்யூ. கல்லூரிக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு, முதல் வகுப்பில் 97 பிள்ளைகள். இந்தப் பள்ளியையும் நம்மூர்க் கல்லூரியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய பேர். தாய் வேறு, பிள்ளை வேறு.

அந்தப் பள்ளியில் வருடத்துக்கு நூறு பேர் வருகிறார்கள், கண்டமோ இவ்வளவு பெரியது, இந்த வேகத்தில் எப்போது முடியும் என்று யோசித்ததன் விளைவு பல்கலைக்கழகம். 2015ல் மொரிஷியஸ், 2017ல் ருவாண்டா. மொத்தம் 25 வளாகம் என்பது அப்போது சொன்ன கணக்கு. நெல்சன் மண்டேலாவின் துணைவியார் கிராசா மஷெல் அம்மையார் வேந்தராக இருந்தார் என்றால் எந்த மாதிரி ஆட்களைப் பக்கத்தில் சேர்த்தார்கள் என்று புரியும்.

இன்னொரு விஷயம். இங்கே பதிவுப் பெயரில் யுனிவர்சிட்டி என்ற சொல்லே இல்லை. ஆப்பிரிக்கன் லீடர்ஷிப் காலேஜ் ஆஃப் ஹையர் எஜுகேஷன் என்றுதான் இருக்கும். ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

#3 பாம்பிளெமூஸ் பக்கத்துவீடு
ஞாயிறு, மதியம் 1:22

எபேன் தம்பி ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பித்தார். நான் சீனி ஆலையில் ஆரம்பிக்கிறேன்.

என் தாத்தா வேலை பார்த்தது போ பிளான் ஆலையில். அப்பாவும் கொஞ்ச காலம் அங்கேதான். அறுவடைக் காலத்தில் துணி காயப்போட்டால் கரும்புச் சாம்பல் படியும் என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பார். ஆலை 1999ல் மூடிவிட்டது. 2002ல் அதே கட்டடத்தில் சீனி அருங்காட்சியகம் திறந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் டிக்கெட் வாங்கி எங்கள் தாத்தா வியர்த்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ரம் ருசி பார்த்துப் போகிறார்கள்.

ஆலை மூடியது ஒன்று. பெரிய அடி 2006ல். ஐரோப்பா நம் சீனிக்குக் கொடுத்துவந்த உறுதி விலையை நாலு வருடத்தில் 36 சதவீதம் குறைத்தார்கள். 2009ல் அந்த ஒப்பந்தமே முடிந்தது. ஒரு காலத்தில் 250 ஆலைக்கு மேல் இருந்த தீவு. இப்போது விரல் விட்டு எண்ணலாம், ஒரு கையே போதும்.

சரி, ஆலை போனது. நிலம்? அது எங்கேயும் போகவில்லை, அதே கம்பெனிகளிடம்தான். போ பிளான் நிலம் டெர்ராவுடையது. 2012 வரை ஹாரெல் ஃப்ரேர் என்று பெயர். மேற்கே மெதீன், மோக்காவில் இஎன்எல். கரும்பு லாபம் தராத நிலத்தில் என்ன போடலாம் என்று மூன்று பேரும் யோசித்தார்கள். வீடு, கடை, ஆபீஸ். வீடு வாங்குபவனுக்குப் பக்கத்தில் என்ன இருந்தால் பிடிக்கும்? பள்ளி, கல்லூரி. 2015ல் புது நகரம் கட்டுபவர்களுக்கு அரசின் ஸ்மார்ட் சிட்டி சலுகையும் வந்தது. கல்லூரிகள் கரும்புக் காட்டில் முளைத்தது இப்படித்தான்.

எங்கே முளைத்தன என்று பாருங்கள். இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் 2010ல் வந்தது, 2017ல் காஸ்காவெல் பக்கம் போனது, மெதீன் நிலம். ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் 2018, மோக்கா. ஆப்பிரிக்கன் லீடர்ஷிப், போ பிளான். மூன்று சீனி வீடு, மூன்று கல்லூரி.

குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் நாலு வீடு மாணவர்களுக்கு வாடகைக்குப் போயிருக்கிறது. தால் பூரி வண்டிக்காரர் இப்போது நைஜீரியா, கென்யா, எத்தியோப்பியா எல்லாருக்கும் எவ்வளவு காரம் போட வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

#4 மோக்கா டீச்சர்
ஞாயிறு, மாலை 4:50

பாம்பிளெமூஸ் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் படித்தவள். 1970ல் இந்திரா காந்தி அம்மையார் வந்து அடிக்கல் நாட்டி, 1976ல் திறந்த இடம். அன்றைக்கு வெளிநாட்டு உதவியோடு கல்வி நிலையம் என்றால் இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து பேசும். இன்று ஒரு பல்கலைக்கழகமும் ஒரு நிலக் கம்பெனியும் பேசுகின்றன.

அதே மோக்காவில் கர்ட்டின் இருக்கும் வளாகத்தின் பெயரைக் கவனித்தீர்களா? சார்லஸ் டெல்ஃபேர். பழைய கல்லூரியின் பெயரும் அதுதான். 1999ல் ஆரம்பித்து, பல வருடம் கர்ட்டின் பட்டத்துக்குப் பாடம் நடத்தி, 2018ல் கர்ட்டின் மொரிஷியஸ் ஆனது. டெல்ஃபேர் யார்? அயர்லாந்துக்காரர், மருத்துவர், செடிகொடி ஆராய்ச்சியாளர். எல்லாம் சரி. பெல் ஓம்பரில் சீனித் தோட்டம் வைத்து அடிமைகளை வேலை வாங்கியவரும் அவரே. 1830ல் அடிமை முறை பற்றித் தன் தரப்பை விளக்கி எழுதியிருக்கிறார். அவர் 1833ல் இறந்தார், 1834ல் நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வர ஆரம்பித்தார்கள். அந்தப் பெயருக்குக் கீழே நம் பேரப்பிள்ளைகள் பட்டம் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பெயரை மாற்று என்று நான் கொடி பிடிக்கவில்லை. யாராவது ஒரு பலகையாவது வைத்து எழுதலாம் அல்லவா?

#5 கணக்குப்பிள்ளை
ஞாயிறு, இரவு 8:15

டீச்சரம்மா, பலகை வைப்பதற்கு முன்னால் ரோஸ்ஹில் அண்ணாவின் பயத்தைப் பார்ப்போம்: நாளைக்கு இருக்குமா?

குவார்த்தியே மிலிதேரில் வந்தது வேல்ஸ் நாட்டு அபரிஸ்ட்வித். 1872ல் தொடங்கிய பல்கலைக்கழகம், பெயரில் குறையில்லை. 2015ல் இங்கே கிளை திறந்தார்கள். 2,000 பேர் படிக்கும் அளவுக்குத் திட்டம். முதல் சில மாதத்தில் சேர்ந்தது சுமார் 40 பேர். 2017ல் புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் 2012ல் வுல்வர்ஹாம்ப்டன் வந்தது, அதுவும் சில வருடத்தில் மூட்டை கட்டியது.

ஏன்? தீவில் மொத்தம் 12 லட்சத்துச் சொச்சம் ஜனம். அதில் ஒரு வருடத்தில் எச்எஸ்சி முடிப்பவர் எத்தனை, அதில் தனியாருக்குக் கட்டணம் கட்டக்கூடியவர் எத்தனை? வசதி இருப்பவன் பிள்ளையை லண்டனுக்கோ பாரிஸுக்கோ அனுப்புகிறான். வசதி இல்லாதவன் ரெதுயி. நடுவில் மிஞ்சும் கொஞ்சம் பேருக்குத்தான் இத்தனை போட்டி. 2019ல் அரசுக் கல்லூரியில் கட்டணமே இல்லை என்று ஆனதும் அந்த நடுவும் சுருங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கூட்டம் வரும் என்று எல்லோரும் திட்ட அறிக்கையில் எழுதினார்கள். வரவழைக்கும் வேலையை யாரும் சரியாகச் செய்யவில்லை.

போ பிளான் அந்த இடத்தில்தான் வேறு மாதிரி. அவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பி வரவில்லை. ஆரம்பத்திலிருந்தே கண்டம் முழுக்க ஆள் தேடினார்கள். ஹனிட்யூ பள்ளியால் ஏற்கனவே பல நாடுகளில் பெயர் தெரியும், உதவித்தொகைக்கு அறக்கட்டளைகளின் தொடர்பு இருந்தது. பெரும்பாலான ஆப்பிரிக்க நாட்டுக்காரர்கள் முன்கூட்டி விசா வாங்காமல் மொரிஷியஸில் இறங்கலாம். மற்றவர்கள் கட்டடம் கட்டிவிட்டு மாணவரைத் தேடினார்கள், இவர்கள் மாணவரைப் பிடித்துவிட்டுக் கட்டடத்துக்கு வந்தார்கள்.

அதற்காக எல்லாம் சுபம் என்று அர்த்தமில்லை. அறக்கட்டளைப் பணம் மழை மாதிரி.

#6 ஜோபர்க் வாசகன்
திங்கள், காலை 7:30

தென்னாப்பிரிக்காவிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். சேலத்துக்காரன், ரூட்போர்ட் பக்கம் 12 வருடமாக வீடு.

ஹனிட்யூ பள்ளி பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அங்கே படித்த பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து என்று பறந்துவிடுவார்கள் என்பது தெரிந்ததே. அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். உதவித்தொகையை மன்னிக்கப்படும் கடன் மாதிரி எழுதி, 25 வயதுக்குப் பிறகு குறைந்தது பத்து வருடம் ஆப்பிரிக்காவில் வேலை செய்தால் தள்ளுபடி, இல்லையென்றால் திருப்பிக் கட்டு என்று. நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் பாண்டு எழுதி வாங்குவது போல. பள்ளிக்கே இப்படி என்றால், வெளியே அனுப்பாமல் இங்கேயே பட்டம் கொடுத்தால் என்ன என்ற கேள்வி வராமல் இருக்குமா? பல்கலைக்கழகம் வந்ததில் அந்தக் கேள்விக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை. ரூயிம்சிக்கில் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் 2001ல் வந்தது. அழகான வளாகம், நல்ல பாடம். 2013ல் லாரியட் என்ற அமெரிக்கக் கல்விக் கம்பெனி பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. 2019ல் உள்ளூர் கல்விக் கம்பெனி அட்வ்டெக் வாங்கிவிட்டது. கட்டடம் அதே, மரம் அதே, வாட்ச்மேன்கூட அதே ஆள் என்று நினைக்கிறேன். வாசலில் பெயர் மாறிப்போனது. மூடினால்தான் ஆபத்து என்றில்லை, கைமாறினாலும் சேரும்போது வாங்கிய பெயர் முடிக்கும்போது இருக்காது.

#7 எபேன்வாசி
திங்கள், காலை 10:02

ஜோபர்க் அண்ணா சொன்ன கைமாறும் கதை நமக்குப் புதுசா? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ல் செட்டியார் ஐயா தொடங்கியது. தனியார் கை, 84 வருடம். பணச் சிக்கல் முற்றி 2013ல் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது. அதன் பட்டம் செல்லாமல் போய்விடவில்லை. எடுத்து நடத்த ஒரு மாநில அரசு இருந்தது, அதுதான் காரணம். இங்கே வெளிநாட்டுக் கிளை தடுமாறினால் எடுத்து நடத்துவது யார்? அது தெரியாமல் சேரக்கூடாது.

எங்கள் ஊரில் 1980களில் சுயநிதி எஞ்சினியரிங் கல்லூரிகள் வந்தபோது அரிசி ஆலைக்காரர், பஸ் முதலாளி என்று ஆளுக்கொன்று திறந்தார்கள். அரிசி ஆலைக்குப் பதில் சீனி ஆலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

#8 பாம்பிளெமூஸ் பக்கத்துவீடு
திங்கள், காலை 10:31

தம்பி, ஒரே கூடையில் போடாதே. அரிசி ஆலைக்காரர் கல்லூரியைத் தானே நடத்தினார். இங்கே சீனிக்காரர் நிலமும் கட்டடமும்தான், பாடம் நடத்துவது வேறு ஆள். வீட்டுக்காரர் வேறு, குடியிருப்பவர் வேறு. (மெதீன் மட்டும் கல்வியிலேயே கொஞ்சம் ஆழமாக இறங்கியது. பாரிஸ் பாந்தியோன்-அஸ்ஸா சட்டப் படிப்பு, நாந்த் கட்டடக்கலைப் பள்ளி என்று பிரெஞ்சுக்காரர்களையும் கூட்டி வந்தது.)

#9 நெறியாளர்
திங்கள், பகல் 12:00

ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தின் இடம் பற்றிய மூன்று பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். நோட்டில் தமிழைக் கீழே தள்ளி அச்சடித்த 1998 கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது. இங்கே கல்லூரி மட்டும்.

#10 மேற்குக்கரை மாணவி
திங்கள், மாலை 6:44

அப்பா, அண்ணன்மார்களே, படித்தவள் ஒருத்தி பேசலாமா?

நான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இந்தத் தீவிலேயே வாங்கியவள். எது என்று சொல்லப்போவதில்லை. இப்போது வேலையில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் கிளை, கிளை என்று ஒரே சொல்லாகச் சொல்கிறீர்கள். உள்ளே மூன்று விதம் உண்டு, அது தெரியாமல்தான் நான் மாட்டினேன்.

ஒன்று, தாய்ப் பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் நடத்துவது. உள்ளூர்க் கூட்டாளி இருப்பார், ஆனால் பாடத்திட்டம், தேர்வு, தரம் எல்லாம் அங்கிருந்து. மிடில்செக்ஸ், கர்ட்டின் இந்த வகை. கர்ட்டினுக்கு மலேசியாவில் மிரி, சிங்கப்பூர், துபாய் என்று வளாகங்கள் இருந்து, அந்த வரிசையில் மொரிஷியஸ்.

இரண்டு, உள்ளூர்க் கல்லூரி தானே பாடம் நடத்தும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பார்த்துச் சரி என்று பட்டம் மட்டும் கொடுக்கும். போ பிளான் இப்படித்தான் ஆரம்பித்தது. பாடம் நடத்தியது இவர்கள், பட்டம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தின் பெயரில். புதிதாக வந்த கல்லூரிக்கு இது புத்திசாலித்தனமான வழி. பெயர் சம்பாதிக்கும் வரைக்கும் இரவல் பெயர்.

மூன்று, உள்ளூரில் அனுமதி வாங்கித் தன் பெயரிலேயே பட்டம் கொடுப்பது.

நான் சேர்ந்த இடம் இரண்டாம் வகை. சேரும்போது முதல் வகை என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் தாய்ப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் புதுப்பிப்பதில் ஏதோ தகராறு. எங்கள் செமஸ்டர் மார்க் ஐந்து மாதம் வரவில்லை. யாரிடம் கேட்டாலும் அவர்களிடம் கேள், இவர்களிடம் கேள். கடைசியில் பட்டம் வந்தது, அம்மாவின் வேண்டுதலும் நிறைவேறி, நான் அந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். வேலைக்குப் போன இடத்தில், பட்டம் சரிதானா என்று எழுத்தில் உறுதிக் கடிதம் கேட்டார்கள். அதற்கு இன்னும் இரண்டு மாதம்.

ரோஸ்ஹில் அப்பா, தங்கச்சியிடம் இதைச் சொல்லுங்கள்: சான்றிதழில் மேலே அச்சாகும் பெயர் எது, அந்த ஒப்பந்தம் அவள் படிப்பு முடியும் தேதியைத் தாண்டி இருக்கிறதா, ஹையர் எஜுகேஷன் கமிஷன் (உயர்கல்வியைக் கவனிக்கும் அரசு அமைப்பு) பட்டியலில் கல்லூரி பெயர் மட்டுமல்ல, அவள் சேரும் அந்தப் படிப்பின் பெயரும் இருக்கிறதா. கடைசி ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. கல்லூரிக்குப் பதிவு இருக்கும், படிப்புக்கு இருக்காது.

#11 மோக்கா டீச்சர்
திங்கள், இரவு 7:20

அருமை மகளே. 2020 வரை டெர்ஷியரி எஜுகேஷன் கமிஷன் என்றிருந்ததுதான் இப்போது ஹையர் எஜுகேஷன் கமிஷன். பழைய கடிதங்களில் பழைய பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம், 2017ல் வந்த புதிய சட்டத்தின்படி மாறியது.

#12 ரோஸ்ஹில் அப்பா
திங்கள், இரவு 9:10

மார்க் ஐந்து மாதம் வரவில்லை என்று படித்ததும் என் மனைவி லேப்டாப்பை மூடிவிட்டாள். திரும்பத் திறந்து எழுதுகிறேன்.

சரி, பட்டம் புரிந்தது. இந்த மிஷன் விவகாரத்தை யாராவது விளக்குங்கள். பேராசிரியர் இல்லாமல் பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்களாமே? அதற்கு எதற்கு நான் காசு கட்ட வேண்டும்?

#13 எபேன்வாசி
திங்கள், இரவு 10:35

ஐயா, அதை நான் பார்த்தவரை சொல்கிறேன்.

பேராசிரியர் இல்லாமல் இல்லை, குறைவு. மேடையில் நின்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேச, இருநூறு பேர் எழுதிக்கொள்வது அங்கே இல்லை. பாடத்தை இணையத்தில் படித்துவிட்டு வர வேண்டும், வகுப்பில் ஐந்தாறு பேராக உட்கார்ந்து வாதம் செய்ய வேண்டும். முதல் வருடம் பொதுவானது: தன்னையும் பிறரையும் நடத்துவது, எழுத்தும் பேச்சும், கணக்கும் தரவும், தொழில் தொடங்கும் யோசனை. அப்புறம் நான் எகனாமிக்ஸ் படிக்கிறேன் என்று சொல்வதற்குப் பதில், எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் போகிறேன் என்று ஒரு பிரச்சினையைப் பிடித்து, அதற்கு வேண்டியதைக் கற்பது. அதைத்தான் மிஷன் என்கிறார்கள். ஆரம்பத்தில் போட்ட திட்டத்தில் வருடத்துக்கு எட்டு மாதம் படிப்பு, நாலு மாதம் ஏதாவது நிறுவனத்தில் வேலை.

இதில் கொள்கை பாதி, சிக்கனம் பாதி. முனைவர் பட்டம் பெற்றவர்களை நூற்றுக்கணக்கில் சம்பளத்துக்கு வைத்தால் ஆப்பிரிக்கப் பிள்ளை கட்டும் காசுக்குள் அடங்காது என்பதை ஸ்வானிக்கரே ஒளிக்காமல் பேசியிருக்கிறார்.

பலன்? எங்கள் ஆபீஸுக்கு வந்த பிள்ளைகள் வாய் திறந்து பேசுவார்கள், முதல் வாரமே மேனேஜரிடம் ஏன் என்று கேட்பார்கள். ஆனால் ஒரு பையனிடம் டேட்டாபேஸ் வேலை கொடுத்தபோது அடிப்படை ஆட்டம் கண்டது. நாலு நாள் ராத்திரி உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டு வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் திருநெல்வேலிக் கல்லூரியில் படித்த எனக்கு அடிப்படை இருந்தது, வாய் திறக்கவே மூன்று வருடம் ஆனது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் சொல்லுங்கள், என் பையனையும் சேர்க்கிறேன்.

தானாக ஓடும் குதிரைக்கு அந்த இடம் நல்லது. லெசனுக்கு (டியூஷனுக்கு) தள்ளிவிட்டே வளர்ந்த பிள்ளை என்றால் யோசியுங்கள்.

#14 கணக்குப்பிள்ளை
செவ்வாய், காலை 8:05

25 வளாகம் என்று எபேன் தம்பி எழுதினாரே, அதில் முழு வளாகமாக எழுந்தது இரண்டு: இங்கே போ பிளான், அங்கே கிகாலி. கிகாலியில் இன்னொவேஷன் சிட்டி என்று அரசே ஒதுக்கிய பகுதியில் நிலையான கட்டடம். 2013லிருந்தே எல்லா ஆப்பிரிக்கருக்கும் வந்திறங்கியதும் விசா கொடுக்கும் நாடு அது. எம்பிஏ, காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் தனிப் பள்ளி எல்லாம் அந்தப் பக்கம்.

மீதி 23 எங்கே? வளாகம் கட்டுவது எவ்வளவு செலவு என்று இரண்டு கட்டியதும் புரிந்துவிட்டது. அப்புறம் வளர்ச்சியை வேறு பக்கம் திருப்பினார்கள். ஏஎல்எக்ஸ் என்று தனியாக ஒன்று, மாஸ்டர்கார்டு அறக்கட்டளை ஆதரவோடு, சாஃப்ட்வேர், டேட்டா மாதிரிப் பயிற்சிகளை இணையத்தில் பெரிய எண்ணிக்கையில் கொடுக்கிறது. பட்டம் இல்லை, சான்றிதழ். செங்கல்லில் வளர முடியாததை ஸ்கிரீனில் வளர்த்தார்கள்.

இதைத் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். திட்டம் தப்பு என்று தெரிந்ததும் 23 இடத்தில் கடன் வாங்காமல் நிறுத்தியது கெட்டிக்காரத்தனம். அபரிஸ்ட்வித் செய்யத் தவறியது அதைத்தான், ஒரே ஒரு கட்டடம்தான், அதுவே அதிகமாகிவிட்டது. ஆனால் பிள்ளையைச் சேர்ப்பவருக்கு ஒரு கேள்வி உண்டு: ஸ்தாபகரின் மனம் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது? நம் தீவு அவருக்கு முதல் பிள்ளையா, பழைய பிள்ளையா?

#15 பாம்பிளெமூஸ் பக்கத்துவீடு
செவ்வாய், காலை 9:15

கணக்குப்பிள்ளை ஐயா, பழைய பிள்ளையோ புதுப் பிள்ளையோ, காலையில் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பசங்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் ஒரு வருத்தம் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நம்மூர்ப் பிள்ளை கொஞ்சம்தான். எங்கள் நிலம், எங்கள் ஆலை, நம்மூர்ப் பெற்றோருக்கு அப்படி ஒரு கல்லூரி இருப்பதே தெரியாது. வாடகை வருகிறது, சந்தோஷம். வாடகை மட்டும் வருகிறது.

#16 மோக்கா டீச்சர்
செவ்வாய், காலை 11:40

தம்பி, அதில் நம் தப்பும் உண்டு. எச்எஸ்சி முடித்த பிள்ளையிடம் நாம் ஆப்பிரிக்கா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? லண்டன், பாரிஸ், சென்னை. மடகாஸ்கர் ஏறக்குறைய இரண்டு மணி நேர விமானம், அங்கே என்ன மொழி பேசுகிறார்கள் என்றுகூட என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரெதுயிப் பல்கலைக்கழகமே 1965ல் விவசாயம், நிர்வாகம், தொழில்நுட்பம் என்று இந்தத் தீவுக்கு வேண்டியதை வைத்துத்தான் ஆரம்பித்தது. அதுவும் சீனிக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. ரோஸ்ஹில் தம்பியின் மகள் பக்கத்து வீட்டுக் கண்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. கட்டண ரசீதை நான் கட்டப்போவதில்லை என்பதால் சுலபமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

#17 கணக்குப்பிள்ளை
செவ்வாய், காலை 11:52

அதனால்தான் சுலபமாகச் சொல்கிறீர்கள் டீச்சரம்மா.

#18 மோக்கா டீச்சர்
செவ்வாய், காலை 11:58

இருக்கலாம்.

#19 ரோஸ்ஹில் அப்பா
வியாழன், இரவு 8:30

இரண்டு நாள் எழுதவில்லை. வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து இந்த இழையை முதலிலிருந்து படித்தோம். மேற்குக்கரை மாணவி சொன்ன மூன்று கேள்வியை மகளே தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். ஜோபர்க் அண்ணா சொன்னதை வைத்து நாலாவதாக ஒன்று சேர்த்திருக்கிறாள்: உரிமை கைமாறினால் ஏற்கனவே படிப்பவர்களின் பட்டம் எந்தப் பெயரில் வரும்? கமிஷனுக்கும் கல்லூரிக்கும் தனித்தனியாக எழுத்தில் கேட்டு அனுப்பியிருக்கிறாள். ஃபோனில் கேட்கவில்லை. அது என் நிபந்தனை.

ரெதுயிக்கும் மனு போட்டாயிற்று. அதுவும் என் நிபந்தனை. பதில் எழுத்தில் வந்து, உதவித்தொகையும் கிடைத்தால் போ பிளான். இரண்டில் ஒன்று தவறினாலும் ரெதுயி. அவளும் ஒத்துக்கொண்டாள், முகம் தூக்கிக்கொண்டுதான்.

மிஷன் என்ன என்று கேட்டேன். சீனி போன பிறகு கரும்புத் தோட்டக் குடும்பங்கள் என்ன வேலைக்குப் போயின என்று பார்க்கப் போகிறாளாம். பாம்பிளெமூஸ் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா? உங்கள் அப்பாவிடம் கொஞ்சம் பேச வேண்டுமாம்.

#20 பாம்பிளெமூஸ் பக்கத்துவீடு
வியாழன், இரவு 9:02

வரச் சொல்லுங்கள் அண்ணா. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், பத்து மணிக்கு மேல் வந்தால் நன்றாகப் பேசுவார். தமிழில் ஆரம்பித்து கிரெயோலில் முடிப்பார், பாப்பா இரண்டுக்கும் தயாராக வரட்டும். சாப்பாடு எங்கள் வீட்டில்.